கல் யார் கையில்

கூட்டம் நடத்துவதுதான் எங்கள் தொழில். ஆராய்ச்சி என்பது அதற்கு நாங்கள் வைத்திருக்கும் மரியாதையான பெயர். கனடாவின் மொன்றியல் நகரில் வீடில்லாமல் அலையும் பூர்வகுடி இளைஞர்களைப் பற்றி ஆராய்கிறோம். அவர்களையும் குழுவில் சேர்த்து, அவர்களோடு கூடியே ஆராய்வது எங்கள் முறை. கூட்டங்களில் இருந்து இருந்து கால் விறைத்துப்போனவர்களே, உங்களுக்குத்தான் என் துன்பம் விளங்கும். எல்லோர் பேச்சையும் என் யாழ்ப்பாணத் தமிழிலேயே தருகிறேன்.

முதல் வட்டம்

வட்டமாக இருந்து ஒரு கல்லைக் கைமாற்ற வேண்டும். கல் வைத்திருப்பவர் மட்டுமே பேசலாம். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. இது பூர்வகுடி மக்களின் வழக்கம் என்று எங்கள் பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு விளக்கினார். கல் சாராவிடம் வந்தது. அவள் குழுவில் சேர்ந்திருந்த வீடில்லாத இளைஞர்களில் ஒருத்தி, பனி மூடிய வடக்கிலிருந்து வந்த இனுவிட் இனப் பெண். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எங்கட ஆக்களிட்ட இந்த வழக்கம் இல்லை. பரவாயில்லை, நல்ல வழுவழுப்பான கல்லு.”

செவிமடுத்தல்

ஜனவரியில் ஒரு பின்னேரம். ஆறு மணிக்குள் வீடில்லாதவர்களுக்கான தங்குமிடத்து வாசலில் நின்றால்தான் சாராவுக்கு அன்றிரவு கட்டில். நாலரைக்குக் கல் பேராசிரியர் கைக்குப் போனது. செவிமடுப்பதன் அவசியம் பற்றிப் பேசத் தொடங்கியவர் நிறுத்தவேயில்லை. சாரா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். கல் அவளிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. எழுந்து போனால் வட்டத்தை அவமதித்ததாகிவிடும் என்று அவளுக்கு நாங்களே சொல்லிக் கொடுத்திருந்தோம்.

அவர் முடித்தபோது ஆறாகிவிட்டது. சாராவும் நானும் மெட்ரோ ரயிலுக்கு ஓடினோம். கட்டில் போய்விட்டது. எங்கே நின்றீர்கள் என்று கதவைத் திறந்த பெண் கேட்டாள். வீடில்லாதவர்கள் பற்றிய கூட்டம் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். “அந்தக் கூட்டத்தைக் காலமை வைச்சால் என்ன?”

தரவு

மற்றத் தங்குமிடங்களும் நிரம்பியிருந்தன. மொன்றியலின் வடக்குப் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்குச் சாராவைக் கூட்டிப்போகலாமா என்று பேராசிரியரைத் தொலைபேசியில் கேட்டேன். ஆராய்பவர் வீட்டில் ஆராயப்படுபவர் தங்க ஆராய்ச்சி விதி இடம் தராது என்றார். தான் கோப்பிக் கடையில் இருந்து சமாளிப்பதாகச் சொல்லிச் சாரா என்னை அனுப்பிவிட்டாள்.

கடை பூட்டியபின் வெளியே நின்றதில் குளிர் கடித்து, அவளுடைய கால் விரல்கள் இரண்டை வெட்டி எடுக்கவேண்டி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேராசிரியருக்கு அழுதுகொண்டே சொன்னேன். அவரும் அழுதார், அது நடிப்பில்லை. ஆனால் அவர் வாயில் வந்தது இதுதான்: “இது முக்கியமான தரவு, குறிச்சு வையுங்கோ.”

கடைசி வட்டம்

மார்ச் மாதக் கூட்டத்துக்குச் சாரா நொண்டிக்கொண்டு வந்தாள். இன்று சாராவே தொடங்கட்டும் என்று பேராசிரியர் இரண்டு கைகளாலும் கல்லைக் கொடுத்தார். அவள் அதை வாங்கி மேலங்கிப் பைக்குள் போட்டாள். எழுந்து நடந்து, கதவடியில் நின்று திரும்பினாள். “நான் கட்டில் பிடிக்கப் போறன். கல்லு என்னட்டத்தான் இருக்கு, ஒருத்தரும் கதைக்கக் கூடாது.”

நாங்கள் ஒருவரும் கதைக்கவில்லை. செவிமடுப்பது என்ற எங்கள் தொழில் ஒழுங்காக நடந்தது அன்று ஒருநாள்தான்.