கேட்டை நட்சத்திரக்காரனின் முழங்கால்

போன திங்கட்கிழமை காலையோடு எங்கள் அணியின் சீசன் முடிந்தது. தோல்வியோடுதான்.

எங்கள் அணி என்பது ஓர் அமெரிக்க ஃபுட்போல் அணி. சிட்னியில், கிரவீனில் இருக்கும் இரண்டு யாழ்ப்பாணத்தாருக்கு அதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டு நேசன் அண்ணையின் மகன் கஜன் வேலைக்குப் போய்க் குடியேறிய நகரத்தின் அணி அது. முன்பெல்லாம் அப்பாவும் மகனும் ஃபோனில் பேசினால் இவ்வளவுதான்:

“சாப்பிட்டியே?”

“ஓம்.”

“வேலை?”

“ஓகே.”

பிறகு கஜன் இந்த விளையாட்டை அறிமுகப்படுத்தினான். பஸ் ஓட்டுகிற நேசன் அண்ணை உட்கார்ந்து விதிகளைப் படித்தார். அங்கே ஞாயிறு மத்தியானம் ஆட்டம் என்றால் இங்கே திங்கள் விடியல். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிடுவார். அங்கே மகன், இங்கே அப்பா, நடுவில் ஆட்டம். துணைக்கு நான், தேத்தண்ணியோடு.

இந்த முறை கோப்பை நமக்குத்தான் என்றான் கஜன். மூன்றாவது ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் — பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்துகிறவன் — முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான்.

அண்ணை சும்மா இருப்பாரா? கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்தார். ஐயர் நட்சத்திரம் கேட்பாரே... இணையத்தில் பிறந்த தேதியைத் தேடி, பஞ்சாங்கம் பார்த்து, ‘கேட்டை’ என்றார். அவனும் தேறித் திரும்பி வந்தான். வந்த ஆட்டத்திலேயே மற்ற முழங்கால் போனது!

எனக்கு ஒரு சந்தேகம். “அண்ணை, நீங்கள் பார்த்தது சிட்னிப் பஞ்சாங்கம் எல்லே? அவன் அங்கை பிறக்கேக்க எங்களுக்கு அடுத்த நாள். கேட்டை இல்லை, அனேகமா மூலம்.”

“ஐயோ! வேற ஆரின்ரையோ காலுக்கெல்லே செய்துபோட்டன்!”

ஃபோனில் கஜன் விழுந்து விழுந்து சிரித்தான். “அப்பா, யூ ப்ரோக் ஹிம்!”

அதன் பிறகு சரிவுதான். இரண்டாவது குவார்ட்டர்பேக்குக்குத் தோள். பந்து பிடிப்பவனுக்குக் கணுக்கால். அணி வாராவாரம் வெளியிடும் காயப்பட்டோர் பட்டியலை அண்ணை மகனுக்கு உரக்க வாசிப்பார், தசைநார்களின் பெயரெல்லாம் டாக்டரைப் போலச் சொல்லி. அணி தோற்கத் தோற்க, பேச்சு நீண்டது. சொல்லக்கூடாதுதான்... அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

கடைசி ஆட்டமும் முடிந்தது. இனி செப்டம்பர் வரை எதைப் பேசுவது? அண்ணை என்னைப் பார்த்தார். வேறு ஏதாவது கேளுங்கள் என்று கையால் காட்டினேன்.

“கஜன்... நீ எப்பிடியடா இருக்கிறாய்?”

“நத்திங் சீரியஸ், அப்பா. முழங்கால்ல ஒரு சேர்ஜரி. வேலைப் பெடியளோட விளையாடேக்க விழுந்தனான்.”

“எப்பயடா?”

“ரெண்டாவது குவார்ட்டர்பேக்குக்குத் தோள் போச்சுதெல்லே, அந்தக் கிழமை.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்க இஞ்சரி லிஸ்ட் வாசிச்சுக்கொண்டிருந்தனீங்க... நடுவில எப்பிடி கட் இன் பண்ணுறது?”

அண்ணை ரீவியை அணைத்தார். முன்பின் தெரியாத அத்தனை பேரின் கால்களையும் அறிந்த மனிதர். அந்தத் திங்கட்கிழமைகளில் எல்லாம் மகன் கட்டுப் போட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டுதான் அவரோடு சிரித்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். அர்ச்சனைத் தட்டைக் கண்டதும் ஐயர் சிரித்தார்.

“என்ன, அந்த அமெரிக்கப் பிள்ளைக்கோ?”

“ஓம் ஐயா. பேர் கஜன்.”

“நட்சத்திரம்?”

ஐயர் கேட்டு முடிப்பதற்குள் அண்ணை சொல்லிவிட்டார். இந்த முறை பஞ்சாங்கம் தேவைப்படவில்லை.

அணிகள் தங்கள் காயங்களைத் தாங்களே வாராவாரம் அறிவித்துவிடுகின்றன. பிள்ளைகள் அறிவிப்பதில்லை — நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது!