மாடியிலிருந்து இறங்கிய மோட்டார்

எங்கள் வீட்டு மாடிப்படி என் ஜன்னலை ஒட்டித்தான் ஏறும். யார் மேலே போனாலும் என் கண்ணில் படாமல் போக முடியாது. வீடு கட்டியவர் யோசிக்காமல் செய்த வேலை. கிட்டத்தட்ட ஒரு வருடம் அந்த ஜன்னல் என்னைப் படுத்தாத பாடு படுத்தியது.

பசுமலையில் கீழ்வீட்டில் நாங்களும் மாடியில் கொழுந்தனார் குடும்பமும் இருக்கிறோம். கடல் மீன் தொட்டி முதலில் வைத்தது நான். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வேறு யாரும் இப்போது சொல்வதில்லை. மூன்றடித் தொட்டி, ஆர்.ஓ. தண்ணீரில் உப்புப் பொடி கரைத்து உண்டாக்கிய கடல், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு க்ளவுன் மீன்கள். "மதுரையில கடல் மீனா? அதுவும் உயிரோடயா?" என்று திருமங்கலத்திலிருந்து என் அண்ணன் குடும்பமே வந்து பார்த்தது. கல்லூரி அலுவலகத்தில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் முறை வைத்து வந்தார்கள். காபி போட்டே ஓய்ந்துபோனேன். அப்படி ஓய்ந்துபோவது எனக்குப் பிடித்திருந்தது.

ஆறு மாதம் கழித்து என் ஓரகத்தியும், அதாவது கொழுந்தனார் மனைவியும், ஒரு தொட்டி வாங்கினாள். என்னுடையதில் பாதிதான் இருக்கும். "ஒங்களப் பாத்துதான்க்கா ஆச வந்துச்சு" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடைக்கு நானே கூட்டிப்போனேன். ஒரே நாளில், ஒரே தொட்டியிலிருந்து ஆளுக்கொரு கோரல் வாங்கினோம். கல்லாக இறுகிய பவளம் இல்லை. காளான் மாதிரி விரிந்து, மேலே சின்னச் சின்ன விரல்களாக நீட்டிக்கொள்ளும் மென்மையான வகை. நல்லதாகப் பார்த்து நான் எடுத்துக்கொண்டு மற்றதை அவள் பக்கம் தள்ளினேன்.

நான்கே மாதத்தில் அவளுடையது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்தது. என்னுடையது சுருங்கிப்போய், மேலே பழுப்பாக ஒரு படலம் போர்த்திக்கொண்டது. என்னைப் பார்க்க வந்தவர்களே, "மேல ஒரு எட்டு பாத்துட்டு வாரோம்" என்று படியேறினார்கள். ஏறியவர்கள் இறங்க மாட்டார்கள். மேலே சிரிப்புச் சத்தம் கேட்கும். கீழே நான் ஊற்றிவைத்த காபியில் ஆடை படியும். எனக்கு வயிறு எரியும்.

அவள் என்னதான் செய்கிறாள் என்று ஒளிந்து பார்க்கவெல்லாம் தேவையிருக்கவில்லை. அவளுடைய தொட்டியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்ன மோட்டார், மாறி மாறித் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே இருந்தது. வேவ்மேக்கர் என்பார்கள். மேல்பரப்பு எப்போதும் சிலுசிலுத்தது. கோரலின் விரல்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடின. மீன்கள் எதிர்த்து நீந்தி நீந்தி உடம்பு திரண்டிருந்தன. இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம், அந்த இரண்டு மோட்டாரில் ஒன்று என்னுடையது. என் தொட்டியோடு கடைக்காரர் கொடுத்ததை, தண்ணீரை ரொம்பக் கலக்குகிறது என்று கழற்றி அவளுக்குத் தானம் செய்தவளே நான்தான்.

என்னைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை. குழாயில் தண்ணீர் வரும் நாளில் டிரம்மில் பிடித்து, ஆட்டாமல் அசைக்காமல் மண் அடியில் தங்கும்வரை விட்டு, மேலாக மொண்டு குடித்து வளர்ந்தவள் நான். தண்ணீர் நின்றால் தெளியும். இதுதான் எனக்குத் தெரிந்த தண்ணீர். கடல் தண்ணீரையும் அப்படியே தெளிய வைத்தேன். பின்னாலிருந்த ஃபில்டரைக்கூடப் பகலில் பாதி நேரம் நிறுத்திவிடுவேன். அடியில் படிந்ததை ஞாயிற்றுக்கிழமைகளில் டியூப் வைத்து உறிஞ்சி எடுப்பேன். தொட்டி கண்ணாடியாகத் தெரியும்.

ஒருநாள் ஓரகத்தி கீழே வந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "தண்ணி ஓடணும்க்கா. நின்னுச்சுன்னா அழுக்கெல்லாம் கல்லுக்குப் பின்னால தங்கிரும். கடல்ல எப்பக்கா தண்ணி நிக்குது?"

"எனக்குத் தெரியும்" என்றேன். தெரியாது. ஆனால் அவள் வாயால் தெரிந்துகொள்ள நான் தயாராக இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேலே ஒரு குரல் கொடுத்தால் போதும், அவள் ஓடிவருவாள். நான் கொடுக்கவில்லை. பழைய தண்ணீரை வாளியில் எடுத்தேன், புதுத் தண்ணீர் ஊற்றினேன், விசிறியைத் திருப்பி வைத்தேன். பதினொரு மணிக்குப் பெரிய மீன் சாய்ந்து அடியில் போய்க் கிடந்தது. கையில் எடுத்துப் பார்த்தபோது அழுகை வந்தது. மற்றது இன்னும் மேலே திணறிக்கொண்டிருந்தது. அதன்பிறகுதான் படியில் நின்று அவளைக் கூப்பிட்டேன்.

மாவுக் கையோடு வந்தவள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பி ஓடினாள். அவள் தொட்டியிலிருந்து, நான் கொடுத்த மோட்டாரைக் கழற்றிச் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து, மேல்பரப்பு நெளியும்படி சாய்த்து ஒட்டினாள். "மேலாப்புல ஆடுனாத்தான்க்கா காத்து உள்ள எறங்கும்" என்றாள். போட்ட மாத்திரத்தில் கல் இடுக்குகளிலிருந்து கறுப்பாக என்னென்னவோ கிளம்பி வந்தது. தொட்டி சாக்கடையானது.

"ஐயோ, கலக்காத, கலக்காத!" என்று கத்தினேன்.

"கலங்கட்டும்க்கா. எம்புட்டு கெடக்குன்னு பாருங்க. சுத்தி வந்தாத்தான ஃபில்டரு இழுக்கும்."

சாயங்காலம் அந்த மீன் கீழே இறங்கி நீந்தியது. புது மோட்டார் வந்ததும் இதைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, போனில் ஆர்டர் போட்டேன். புதன்கிழமை நான் வேலைவிட்டு வந்தபோது பெட்டி நாற்காலியில் இருந்தது. கணவர் வாங்கி வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டியைப் பிரிக்கவில்லை. பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். ஏன் என்று கேட்டால் அன்றைக்குச் சொல்லியிருக்க மாட்டேன், இன்றைக்குச் சொல்கிறேன். என் கோரலில் படலம் உரிந்து, விரல்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தன. அவளுடைய தொட்டியில் ஒரு பக்கம் தண்ணீர் நின்றுபோய், அந்தப் பக்கத்துக் கோரல் மடங்கத் தொடங்கியிருந்தது. அது எனக்கு நன்றாக இருந்தது. நான் கொடுத்த மோட்டார்தானே என்று ஒரு சமாதானமும் கையில் இருந்தது. மாடிப்படியில் பார்க்கும்போது, "இன்னும் வரலம்மா, என்னமோ லேட்டு" என்பேன். "இருக்கட்டும்க்கா, மெதுவா வரட்டும்" என்பாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை திருமங்கலத்து அண்ணி வந்தார். மேலே போய்விட்டு ஐந்தே நிமிடத்தில் இறங்கிவிட்டார். "மேல ஒண்ணும் சரியில்ல. ஒன்னோடதுதான் அம்சமா இருக்கு" என்றார். ஒரு வருடமாக நான் காத்திருந்த வார்த்தை அது. அண்ணியை பஸ் ஏற்றிவிட்டு, அந்தச் சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்கத்தான் மாடி ஏறினேன்.

ஓரகத்தி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தொட்டிக்கு எதிரே நின்றேன். மிச்சமிருந்த மோட்டார் அடியில் மட்டும் தள்ளிக்கொண்டிருந்தது, மேல்பரப்பு அசையவில்லை. மணலில் பழுப்புப் படிந்திருந்தது. கோரல் முடிச்சாகச் சுருங்கியிருந்தது. அதையெல்லாம் பார்க்கத்தான் வந்தேன், பார்த்தேன். ஆனால் அவளுடைய சின்ன மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அந்த மூச்சை எனக்குத் தெரியும். என் உள்ளங்கையில் கிடந்த மீனின் ஈரம் இன்னும் போகாதது மாதிரி இருந்தது.

கீழே ஓடிப்போய் என் தொட்டியிலிருந்த அந்த மோட்டாரைக் கழற்றிக்கொண்டு வந்தேன். "எனக்குப் புதுசு இன்னைக்குத்தான் வந்துச்சு, இந்தா" என்றேன்.

வாங்கி, முதலில் ஒட்டி, சாய்வைச் சரிபார்த்தாள். மேல்பரப்பு நெளிந்தது. மீன் மெல்லக் கீழே இறங்கியது. பிறகு மோட்டாரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"கூரியர்காரரு நீங்க இல்லேன்னு மேல வந்தாருக்கா. நான்தான் வாங்கி, எங்கிட்ட இருக்கிற சாவிய வச்சுத் தொறந்து, ஒங்க நாற்காலியில வச்சேன். புதன்கெழம."

இத்தனை நாளும் படியில் என்னைப் பார்த்து, "மெதுவா வரட்டும்" என்று சிரித்தாளே. நானாக இருந்தால் அன்றைக்கே வாசலில் நின்று ஊரைக் கூட்டியிருப்பேன். அவளால் அப்படி இருக்க முடிந்ததே என்று, அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.