கொஞ்சம் தள்ளி

மாஷி கைநாட்டு வைத்தபோது அவள் வலது தோளில் என் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் விழித்துவிடக் கூடாதே என்று உடம்பை அசைக்காமல் இடது கையை மட்டும் நீட்டினாள். அந்தக் கட்டைவிரலில் மை தடவி, காகிதத்தில் அழுத்தியவள் நான்தான்.

கொல்கத்தாவின் கிடர்பூரில், துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் அவள் சாப்பாட்டுக்கடை போட்டிருந்தாள். கடை என்றால் ஒரு தார்ப்பாய், இரண்டு பெஞ்சு, சோறு, பருப்பு, மீன் குழம்பு. தள்ளுவண்டிக்காரர்களும் லாரிக்காரர்களும் வந்து சாப்பிடுவார்கள். மாஷி என்றால் வங்காளத்தில் சித்தி. சந்தே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. அவள் என்னை 'பௌமா' என்பாள், மருமகளே என்று. பிள்ளை பிறந்த மூன்றாம் மாதம், அவன் ஏன் அழுகிறான் என்று தெரியாமல் நானும் அழுதுகொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்த ஒரு மதியம், கையைக் கழுவிவிட்டு அவனை வாங்கிக்கொண்டாள். "பெத்தவளுக்கே இவ்வளவு பயம்னா புள்ள என்ன பண்ணும்? போ பௌமா, போய் ஒரு வாய் சாப்பிடு. மீன் வாசனை பட்டா உன் சாம்பார்ப் புள்ள ஒண்ணும் கெட்டுப்போயிடாது." அன்றிலிருந்து தினமும் அவன் அவளிடம்தான் தூங்கினான்.

சந்தில் பூட்டிக் கிடந்த பழைய கிடங்கைக் கலைக்கூடமாக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு சிலர் வந்தார்கள். சுவரெல்லாம் ஓவியம், மாலையில் இசை, நல்ல விளக்கு. எனக்கும் சந்தோஷம்தான். பொழுது சாய்ந்தால் பிள்ளையோடு அந்தச் சந்தில் நடக்கப் பயந்தவள் நான். கடைக்காரர்களின் சம்மதப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. "நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா கேப்பாங்க" என்று என்னிடம் கொடுத்தார்கள். பொறுப்பாக இரண்டு முறை படித்தேன். கடைகள் நிரந்தரமாக வேறிடத்துக்கு மாற்றப்படும் என்று இருந்தது.

"என்ன எழுதியிருக்கு?" என்று மாஷி கேட்டாள்.

"கொஞ்சம் தள்ளி உட்காரணுமாம்" என்றேன்.

"அவ்வளவுதானா? வை" என்று விரலை நீட்டினாள்.

என் வங்காளம் அரைகுறை, அதனால் வந்த பிழை என்று பல மாதங்கள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படியில்லை. சரியான சொல் எனக்குத் தெரியும். அவள் சத்தம் போட்டால் பிள்ளை விழித்துக்கொள்வான் என்று நினைத்தேனா, சந்துக்கு விளக்கு வரட்டும் என்று நினைத்தேனா, இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மாஷிக்குக் கொடுத்த இடம் ஊரின் மறுகோடியில், நியூ டவுனுக்கும் அப்பால். துறைமுகத்து ஆட்கள் பஸ் ஏறியா அங்கே சாப்பிடப் போவார்கள்? இப்போது அவள் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். இங்கே அவள் அடுப்பு இருந்த இடத்தில் ஜோடி ஜோடியாக நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வாடகை ஏறியதில் பழைய குடித்தனக்காரர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நல்ல வெளிச்சத்தில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத கூட்டத்தில், மகன் ஓடுகிறான். நான் அவன் பின்னாலேயே ஓடுகிறேன். ஒரு நிமிடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆளில்லை.

போன வாரம் மாஷி போன் செய்தாள். "குட்டிப்பயல் சோறு திங்கிறானா, இன்னும் உன்னை ஓட வைக்கிறானா?" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நம்ம சந்துக்காரங்க சிலர் இங்க உன்னைத் திட்டறாங்க பௌமா. நான் விடுவேனா? என் பௌமா உள்ளதைத்தான் படிச்சா, அந்த ஆபீஸ்காரங்கதான் அப்புறம் மாத்தி எழுதிட்டாங்கன்னு சண்டை போட்டேன். சரிதானே?"

நான் போனை மகனிடம் கொடுத்துவிட்டேன்.