சரளை வாரிய சரிவு

எல் லித்ரே ஓடைக்கு மேலே ஏறுகிறவர்களின் செருப்புச் சத்தத்தைக் கேட்டே, எந்தச் சரிவில் போகிறார்கள் என்று எல்சீரா சொல்லிவிடுவாள். வெயில் விழும் பக்கத்தில் பெரிய கற்கள். ஒன்றோடொன்று இடித்துக் கணகணக்கும். நிழல் பக்கத்தில் சரளை. கொண்டைக்கடலை அளவிலிருந்து கைமுட்டி அளவுவரை, பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாகக் கிடக்கும். அதன்மேல் நடந்தால் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த சோளத்தை மெல்லுவது போலிருக்கும்.

முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த மெல்லும் சத்தத்தோடு ஆடுகளின் பின்னால் நடந்தவள். பக்கத்து ஓடையிலிருந்து ஒவீதியோவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். பக்கத்து ஓடை என்றால் கோவேறு கழுதையில் அரை நாள் தூரம். அந்த அரை நாளை எல் லித்ரே ஜனங்கள் அவளுக்கு இன்னும் மன்னிக்கவில்லை. அவளை அசலூர்க்காரி என்றுதான் சொன்னார்கள். லித்ரே மரத்துக்கு வணக்கம் சொல்லாமல் கடந்தால் உடம்பெல்லாம் அரிக்கும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. "மரத்துக்கு வணக்கம் சொல்ற ஊரு, எனக்குச் சொல்லாது" என்பாள் எல்சீரா, சிரித்துக்கொண்டே. சிரிப்பு கண்வரைக்கும் போகாது.

ஒவீதியோ கீழே பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்ட வேலைக்குப் போய்விட்டு சனிக்கிழமை வருவான், ஞாயிறு மாலை இறங்கிவிடுவான். ஆடும் பாலாடைக்கட்டியும் சாம்பலில் சுடும் ரொட்டியும் அவள் பாடு. வீட்டுக்குக் கீழே, சரிவு முடிகிற மடிப்பில் ஓர் ஊற்று. ஊற்றுக்கு அந்தப்பக்கம் ஒவீதியோவின் தங்கை பிலோமேனாவின் வீடு. புருஷன் போன பிறகு அவளும் ஆடுகளை வைத்துத்தான் பிழைத்தாள். இரண்டு வீட்டு மந்தைக்கும் அந்த ஒரே ஊற்றுதான். காலையில் இவள் ஆடு, மாலையில் அவள் ஆடு. எத்தனை சண்டை வந்தாலும் அந்த முறை மட்டும் மாறியதில்லை.

சரிவுகள் அங்கே தனியாள் சொத்து கிடையாது, ஊர்ச் சொத்து. நடுக்கோடையில், ஜனவரியில் ஊர் கூடும்போது, மானாவாரிக் கோதுமை விதைக்கச் சரிவில் ஒரு துண்டை யாராவது ஒருவர் பேருக்கு விடுவார்கள். மழையை நம்பிக் கொடுப்பதால் அதற்கு மழைத்துண்டு என்று பெயர். கல் பொறுக்கி நிலத்தைத் திறக்க வேண்டும், அந்த வருஷமே விதைக்க வேண்டும், அறுக்க வேண்டும். அறுக்காமல் விட்ட துண்டு மறுபடி ஊருக்கே போய்விடும். இதில் கெஞ்சலுக்கு இடமில்லை.

அந்த ஜனவரியில், ஊர்த்தலைவர் தோன் ஹாசிந்தோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஊற்றுக்கு மேல இருக்கற நிழல்பக்கத் துண்டு, எல்சீரா கொதொசேயோ பேருக்கு" என்று படித்தார். ஒவீதியோ பேருக்கு அல்ல, அவள் பேருக்கு. அவள் கையைத் தூக்க வேண்டுமா எழுந்து நிற்க வேண்டுமா என்று தெரியாமல் இரண்டையும் பாதி செய்தாள்.

வெளியே வரும்போது பிலோமேனா விட்டுவைக்கவில்லை.

"மதினி, நல்ல நெலந்தான் கெடச்சிருக்கு. கல்லு நல்லா வெளையும். ரொட்டி சுட்டா எனக்கு ஒண்ணு குடு, பல்லு ஆடுது, புடுங்கிக்கணும்."

"ஒனக்குப் பல்லு போனா ஊருக்கே நிம்மதி."

"பல்லு போனாலும் நாக்கு இருக்குல்ல!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எல்சீராவும் சிரித்தாள். ஆனால் அந்தப் பேச்சு செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி வீடுவரை கூடவே வந்தது.

எல் லித்ரேயில் ஒருவர் நிலம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் ஆளை எடை போடுவார்கள். கல் கிடந்தால் சோம்பேறி. வழக்கத்தில் கைமுட்டிக்குப் பெரிய கல்லைத்தான் பொறுக்குவார்கள். சின்னதைப் பொறுக்க யாருக்கும் இடுப்பு இடம் கொடுத்ததில்லை. எல்சீராவின் இடுப்பு கொடுத்தது. பெரிய கல்லை முடித்த பிறகு, திராட்சைத் தோட்டத்திலிருந்து ஒவீதியோ கொண்டுவந்த இரும்பு வாரியை எடுத்தாள். நீளப் பிடியும் நெருக்கமான பற்களும் உள்ள வாரி. ஆட்டை மேயவிட்டு வெயில் ஏறுமுன் வாருவாள், வெயில் சாய்ந்ததும் வாருவாள். சரளை ஓரங்களில் குவியல் குவியலாக ஏறியது. கல்லின் அடிப்பக்கம் சுண்ணாம்பு பூத்து வெள்ளையாக, கோடையிலும் ஈரச் சில்லிப்போடு இருந்தது. அதைத் தொட்டும் அவள் ஒன்றும் நினைக்கவில்லை. நினைக்க நேரமில்லை.

ஏப்ரலில் அந்தத் துண்டு பழுப்பு நிறத்தில் வழவழவென்று கிடந்தது. ஜனங்கள் வேலையை விட்டு வந்து பார்த்தார்கள். தோன் ஹாசிந்தோ தொப்பியை எடுத்துவிட்டு, "மேசை மாதிரி இருக்கும்மா. இதுல சாப்பாடே பரிமாறலாம்" என்றார். அன்று சாயங்காலம் அதுவரை அவளிடம் முகம் கொடுக்காத ஒரு கிழவர்கூட வழியில் வணக்கம் சொன்னார். பிலோமேனா மட்டும் ஊற்றங்கரையிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேலி கிடைக்காத நாள் அது.

மழைக்காலம் தொடங்கும் மே மாதத் தூறலில் கோதுமை முளைத்தது. ஜூலையில் வந்தது நிஜ மழை. கடலிலிருந்து ஏறிய மேகம் மலையில் முட்டி நின்றுவிட்டது. விடிந்து பார்த்தபோது துண்டின் கீழ்ப்பாதி அங்கே இல்லை. மண் மொத்தமாக வழிந்து, அடியிலிருந்த சுக்கான்பாறை தோலுரித்த ஆட்டின் விலா எலும்புபோல வெள்ளையாகத் தெரிந்தது. போன மண் எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஊற்று இருந்த இடத்தில் ஒரு சேற்று மேடு இருந்தது. பிலோமேனா ஏற்கெனவே முட்டிவரை இறங்கி மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தாள்.

எல்சீரா எதிர்பார்த்துக்கொண்டே இறங்கினாள். ஒரு வசவாவது வரும் என்று. வரவில்லை.

"அந்தப் பக்கம் வெட்டு மதினி. கண்ணு அங்கதான் இருக்கணும்." அவ்வளவுதான் பேச்சு.

இருவரும் நாள்கணக்கில் வெட்டினார்கள். ஊற்றுக்கண் கடைசியில் திறந்தது. முன்பு கட்டைவிரல் தடிமனுக்கு வந்த தண்ணீர், நூல்போல, காப்பி நிறத்தில் கசிந்தது. காலை ஆடு குடித்தால் மாலை ஆட்டுக்கு இல்லை. பிலோமேனாவின் ஆடுகள் சேற்றை முகர்ந்துவிட்டு, தலையைத் தூக்கி அவளைப் பார்த்தன. சினையாடுகள். செப்டம்பரில் குட்டி போட வேண்டியவை.

எல்சீரா தன் துண்டுக்கு ஏறினாள். மேல்பாதியில் இன்னும் மண் இருந்தது, கோதுமை ஒரு சாணுக்குப் பச்சையாக நின்றது. காலால் மிதித்தாள். சுட்ட சட்டிபோல் மேலே ஓடு கட்டியிருந்தது. விரலால் உடைத்தாள். இரண்டு விரற்கடைக்குக் கீழே புழுதி. அத்தனை மழைக்கும் உள்ளே ஈரம் இறங்கவில்லை. மூலையில், முட்புதரை ஒட்டி, வாரி நுழையாத இடம் கொஞ்சம் இருந்தது. அங்கே சரளை அப்படியே கிடந்தது. அதை விலக்கிக் கையை விட்டாள். மணிக்கட்டுவரை குளிர்ந்த, கறுத்த ஈரம். மழை அங்கே கல்லில் விழுந்து உடைந்து, கல்லின் இடுக்கு வழியாகப் பதமாக உள்ளே போயிருந்தது.

கையை வெளியே எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவள் வாரி எறிந்தது குப்பையல்ல. கூரை.

மேற்கே மறுபடி மேகம் கூடிக்கொண்டிருந்தது. இன்னொரு மழைக்கு மேல்பாதியும் இறங்கும். இறங்கினால் ஊற்றுக்கண் இந்த முறை திறக்காது.

சனிக்கிழமை வந்த ஒவீதியோ, குவியலிலிருந்து கூடையில் சரளையை அள்ளித் துண்டின்மேல் அவள் கொட்டுவதைப் பார்த்து, வாசலிலேயே மூட்டையைப் போட்டுவிட்டு ஏறினான்.

"கிழவி, ஒனக்கு என்ன புடிச்சிருக்கு? கோதுமை மேல கல்லக் கொட்டுற?"

"மண்ணு மேல கொட்டுறேன். நடுவுல கோதுமை இருக்கு, நான் என்ன செய்ய."

"கீழ்ப்பாதில கொட்டு. அதுல ஒண்ணும் இல்ல."

"அதுல மண்ணும் இல்ல கிழவா. போறதுக்கு என்ன இருக்கு அங்க?"

அவன் குந்தி உட்கார்ந்து நசுங்கிய பயிர் ஒன்றை நிமிர்த்திப் பார்த்தான். அது நிற்கவில்லை.

"அறுக்கலன்னா துண்டு போயிரும். தெரியுமில்ல? ஒன் பேருக்கு வந்தது. எங்க அம்மா பேருக்குக்கூட எதுவும் வந்ததில்ல இந்த ஊர்ல."

"தெரியும்."

"பிலோமேனா கேட்டாளா?"

"அவ வாயத் தொறந்து கேட்டிருந்தா, முடியாதுன்னு சொல்லியிருப்பேன்," என்றாள் எல்சீரா. கூடையை இடுப்புக்கு ஏற்றினாள். "கேக்கலயே அந்தப் பாவி. அதான்."

ஒவீதியோ உடனே உதவவில்லை. வீட்டுக்குப் போய் மூட்டையை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, இன்னொரு கூடையோடு வந்தான். வந்தவன் பயிர் இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கொட்டினான். அவள் அதைக் கவனித்தாள், தடுக்கவில்லை. வழியில் போன ஒருவர் நின்று, "கல்லு விதைக்கறீங்களா? எப்ப அறுவடை?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஏப்ரலில் வணக்கம் சொன்ன அதே கிழவர்.

திங்கள்கிழமை மழை பெய்தது. எல்சீரா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சரிவின் நடுவிலேயே நின்றாள். சரளை மூடிய இடங்களில் தண்ணீர் சத்தமில்லாமல் காணாமல் போனது. அவள் முடிக்காமல் விட்ட வடக்கோரத்தில் ஒரு வாய்க்கால் திறந்து, மண்ணோடு கீழே ஓடியது. ஊற்று மறுபடி கலங்கியது. ஆனால் மூடவில்லை. அதை வெற்றி என்று சொல்ல முடியாது. செப்டம்பரில் பிலோமேனா சினையாடுகளில் பாதியை மேல்மலையில் இருந்த உறவுக்காரரிடம் ஓட்டிவிட வேண்டிவந்தது. மீதிப் பாதி அவள் வீட்டிலேயே குட்டி போட்டது. எல்சீரா தன் ஆடுகளை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஊற்றுக்கு இறக்கினாள். காலை, மாலை என்ற பழைய முறை போயிற்று.

கல்லிடுக்கில் தப்பிய கோதுமை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கதிர் விட்டது. அரிவாள் வைக்க ஒரு பிடிகூடத் தேறவில்லை.

ஜனவரியில் தோன் ஹாசிந்தோ மறுபடி படித்தார். "ஊற்றுக்கு மேல இருக்கற நிழல்பக்கத் துண்டு, அறுக்காததால ஊருக்குத் திரும்புது." அவர் குரலில் கோபமில்லை. வருத்தமும் இல்லை. அடுத்த மூச்சில் அதை நொல்பெர்த்தோ என்ற இளைஞனுக்கு விட்டார். புதிதாகக் கல்யாணமானவன். எல்சீரா எழுந்தாள். இந்த முறை முழுசாக.

"கீழ ஊத்து இருக்கு. சின்னக் கல்ல எடுக்க வேண்டாம்னு அவன்கிட்டச் சொல்லுங்க."

"அம்மா, துண்டு வாங்கினவன் எப்படித் தொறக்கணும்னு ஊரு சொல்றதில்ல. ஒங்ககிட்டயும் சொல்லலியே" என்றார் தலைவர். அது உண்மைதான். உட்கார்ந்தாள்.

மறுவாரம் நொல்பெர்த்தோ சரிவில் நின்றுகொண்டு இடுப்பில் கைவைத்துத் துண்டை அளந்தான்.

"அத்தை, போன வருஷம் மேசையாட்டம் இருந்துதே! யாரு இவ்வளவு கல்லக் கொண்டாந்து கொட்டுனது?"

"நாந்தான்."

அவன் சிரித்தான். அவள் பகடி பேசுகிறாள் என்று நினைத்தான். அவள் ஒரு கல்லைப் புரட்டி அதன் அடியைக் காட்டினாள். "தொட்டுப் பாரு. ஜனவரி மாசம் இது, இந்தக் கோடைலயும் ஈரம்."

அவன் குனிந்தான். கல்லுக்கடியிலிருந்து ஒரு தேள் வாலை நிமிர்த்திக்கொண்டு ஓடியது. அவன் துள்ளிக் குதித்தான். "பாத்தீங்களா? இதுக்குத்தான் மொத்தத்தையும் வாரிரணும்கறேன். என் பொண்டாட்டி வெறுங்கால்ல நடக்கறவ."

யார் சொல்லியிருந்தாலும் ஒரு வருஷத்துக்கு முன் எல்சீராவே கேட்டிருக்க மாட்டாள். துண்டின் எல்லையைத் தாண்டி, சரிவு முடிந்து ஊற்றுப் பள்ளம் ஆரம்பிக்கும் இடத்துக்கு இறங்கினாள். அந்தப் பட்டை எந்தத் துண்டிலும் சேராதது. குறுக்கே கடப்பாரையால் ஒரு கோடு கிழித்தாள். "மழைல வெளிய வந்த பெரிய கல்ல இங்க உருட்டி விடு," என்று மேலே பார்த்துக் கத்தினாள். "ஒனக்கும் சுமக்கற வேலை மிச்சம்."

"எதுக்கு அத்தை?"

"சுவரு."

அவனுக்குச் சந்தோஷம். உருட்டினான். கற்கள் துள்ளித் துள்ளி வந்தன. அவள் ஒதுங்கி நின்று, ஒவ்வொன்றும் ஓய்ந்ததும் எடுத்து, தட்டையான முகம் கீழே வரும்படி வைத்தாள். மண்ணை நிறுத்த எவ்வளவு உயரம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. மே வரைக்கும் நேரமிருந்தது, அதற்குள் முடியுமா என்பதும் தெரியாது. மேலே வாரியின் பற்கள் சரளையில் கறகறவென்று இழுபடத் தொடங்கியிருந்தன.

இரண்டாம் வரிசை வைக்கும்போது பின்னால் காலடி கேட்டது. பிலோமேனா, தோளில் கடப்பாரையோடு. நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுவரின் நீளத்தைப் பார்த்தாள்.

"கோணலாப் போகுது மதினி."

"தெரியுது."

"தெரிஞ்சுதான் வைக்கறியா?" என்றபடி, கடைசியாக வைத்த கல்லைப் பெயர்த்தெடுத்துத் திருப்பி வைத்தாள்.