அக்காவின் உடுப்பு இன்னும் கொடியில்தான் கிடக்கிறது

அக்கா போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும், அக்காவிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்களுக்கும் என் வணக்கம். எட்டாம் வகுப்போடு நின்று, குற்றாலத்தில் சிப்ஸ் கடை போட்டவன் நான். தப்பாக எதையும் எழுதிவிடுவேனோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது குத்துக்கல்வலசையில். அப்பா பட்டாளத்துச் சிப்பாய். அப்பா லீவில் வந்தால் அந்தப் பெரிய பூட்ஸுக்குள் காலை விட்டுக்கொண்டு அக்கா வீடு முழுக்க நடப்பார்கள். அந்தச் சத்தத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அப்பா சீக்கிரமே தவறிவிட, அம்மா பீடி சுற்றி எங்களை வளர்த்தார்கள். பரீட்சை என்றாலே நான் ஓடி ஒளிந்துகொள்வேன். அக்காவுக்கோ அது பண்டம் தின்பது மாதிரி. டாக்டருக்குப் படித்து, பட்டாளத்திலேயே சேர்ந்து, மேஜர் வரை வந்தார்கள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டார்கள். பனி விழும் எல்லையில், விரல் கறுத்துப்போன ஒரு சிப்பாயின் காலைத் தன் கோட்டுக்குள் பொத்தி வைத்துக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தார்களாம். இதை அக்கா சொல்லவில்லை. அந்தச் சிப்பாய்தான் ஒருமுறை வீடு தேடி வந்து சொன்னார்.

அந்த வேலையில் முதலில் சில வருடங்களுக்குத்தான் எடுப்பார்கள். பிறகு நீட்டித்துத் தர வேண்டும். கூடச் சேர்ந்தவர்களுக்கு நீட்டித்தார்கள். அக்காவுக்கு இல்லை என்று ஒரே வரியில் வந்தது. ஏன் என்று அதில் இல்லை. அக்கா ஊருக்கு வந்து, பட்டாளத்து வழக்குகளைப் பார்க்கும் சென்னைத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டார்கள்.

“சர்க்காரை எதுத்துட்டு நாம இருக்க முடியுமாக்கா? வீடு தேடி வந்துட்டாவன்னா?” என்று கேட்டேன்.

“வரட்டும்லே. ஒங்கடைச் சிப்ஸைக் குடு, தின்னுட்டுப் போவாவ. வேலை தராட்டா போகட்டும். ஏன் தரலேன்னு சொல்லணும்லா?”

தென்காசியில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்தார்கள். சீசனில் குற்றால அருவிப் பாறையில் வழுக்கி விழுந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். பட்டாளத்து உடுப்பை மட்டும், தீர்ப்பு வரட்டும் என்று பெட்டியில் வைத்துவிட்டார்கள். ஒரு சாரல் காலத்தில் அதில் பூஞ்சை பிடித்துவிட்டது. அலசிப் போட்டால் காய வெயில் இல்லை. நான் குற்றாலத்தில் என் கடைக்குக் கொண்டுபோய், சிப்ஸ் பொரிக்கிற அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டேன். காய்ந்தது. ஆனால் தேங்காய் எண்ணெய் வாசனை ஏறிவிட்டது. அக்கா மோந்து பார்த்தார்கள்.

“ஏலே கூறுகெட்டவனே! இதைப் போட்டுட்டுப் போனா எவன்லே சல்யூட் அடிப்பான்? கால் கிலோ நேந்திரங்கா குடும்மான்னுல்லா கேப்பான்!”

வழக்குப் போட்ட பிறகு அக்கா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நுரையீரலில் நோய் வந்தபோது, எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து அக்காவே பார்த்துக்கொண்டார்கள். கடைசி வாரம் என்னைக் கூப்பிட்டார்கள்.

“நான் இல்லேன்னா கேஸை மூடிருவாவ. நீ போய் நில்லு.”

“பயமா இருக்குக்கா. காலு நடுங்கும்.”

“வேட்டி கட்டிட்டுப் போலே. நடுங்கினா எவனுக்குத் தெரியும்?”

பதினாறாம் நாள் சித்தப்பா உடுப்பைப் பார்த்துவிட்டார். “துணிமணியைச் சித்தாத்துல விட்டுரணும்லே. வச்சிருந்தா அவ போக மாட்டா, இங்கனயே சுத்துவா” என்றார். மற்றதையெல்லாம் ஆற்றில் விட்டேன். உடுப்பை விடவில்லை. உள்ளறைக் கொடியில் காற்றாடப் போட்டிருக்கிறேன். சாரல் விழும் நாட்களில் அந்த அறைப் பக்கம் போனால் எண்ணெய் வாசனை வருகிறது. கூடவே மருந்து வாசனையும். பூட்ஸ் நடக்கிற சத்தம் கேட்கிறது. கதவைச் சாத்தினாலும் நிற்பதில்லை.

வேட்டி கட்டிக்கொண்டுதான் சென்னைக்குப் போனேன். அந்த மண்டபத்தில் மேஜர் என்று சொல்லி அக்கா பெயரைக் கூப்பிட்டார்கள். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் எழுந்தேன். கால் நடுங்கியது. அக்கா இடத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள், வழக்கு நடக்கிறது. அன்று முழுக்க என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது. அதில் என் பையை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கூலி வாங்காமல் வாதாடும் வக்கீல் அம்மாவுக்கும், கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸ் பிள்ளைகளுக்கும், தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும், எல்லாக் காரியத்தையும் முன்நின்று செய்த சித்தப்பாவுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். சித்தப்பா, உடுப்பைப் பற்றி இன்றைக்கும் கேட்பீர்கள். அது கிடக்கட்டும். அக்கா இப்போது போக வேண்டாம். ஏன் தரவில்லை என்று சர்க்கார் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
தம்பி