ஜாபர் பாயின் அமெரிக்கக் கத்தி

போன செவ்வாய்க்கிழமை ஜாபர் பாய் போன் செய்தார். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர், எனக்குப் பல வருஷப் பழக்கம். எப்போதும் "நல்லா இருக்கீங்களா சார்?" என்று ஆரம்பிப்பவர், அன்று அப்படி ஆரம்பிக்கவில்லை.

"சார், அந்தக் கத்தி உங்ககிட்டதானே இருக்குது?"

"இருக்கு பாய். பத்திரமா இருக்கு."

"எங்க ஃபேக்டரி லட்சுமி பாக்கணும்னு கேக்குது. ஒரு தபா எடுத்துக்கினு போயி காட்டிட்டு வர்றீங்களா? நான் வரல சார். அது மொகத்த பாக்க என்னால முடில."

எந்தக் கத்தி என்று இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பழைய அமெரிக்க மடக்குக் கத்திகள் என்றால் பைத்தியம். அதிலும் ஒரே ஒரு கம்பெனியின் கத்திகள். அந்தக் கம்பெனியை இழுத்து மூடி வருஷங்கள் ஆகின்றன. இனி ஒன்று கூட வராது... அதனாலேயே ஆசை அதிகம். ஓசூரில் என் வீட்டு ஷோகேஸில் நாலு வைத்திருந்தேன். ஐந்தாவதை ஜாபர் பாயின் பேன்ட் பையில் பார்த்தேன்!

ஃபேக்டரிக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய மெஷின் மரப்பெட்டியில் வந்து இறங்கியிருக்கிறது. கூட வந்த டூல் பாக்ஸின் அடியில் இந்தக் கத்தி கிடந்திருக்கிறது. நீயே வச்சுக்கோ என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து பாய்க்கு எல்லாமே அதுதான். கயிறு அறுப்பார், மெஷினுக்கு ரப்பர் கேஸ்கெட் வெட்டுவார், சாக்கு பிரிப்பார். சீசனில் ஒரு பெங்களூரா மாம்பழத்தை அதிலேயே நறுக்கி எனக்கும் ஒரு துண்டு நீட்டுவார்.

எலும்புப் பிடி. தேன் நிறம். மாம்பழப் புளிப்பு பட்டுப் பட்டு பிளேடில் ஒரு நீலம் ஏறியிருந்தது. கம்பெனி பெயர் பாதி அழிந்து, கீழே யு.எஸ்.ஏ. என்பது மட்டும் தெளிவாக இருந்தது. மூடினால் 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே பத்து முறை திறந்து மூடினேன்.

"இத வச்சு கேஸ்கெட் வெட்டுறீங்களே பாய், பாவமில்லையா?"

"அறுக்கத்தானே சார் கத்தி?"

நான் விடவில்லை. பார்க்கும்போதெல்லாம் கேட்டேன். குழந்தை மாதிரி நச்சரித்தேன். மூன்றாவது வருஷம், ஒரு டீக்கடையில் மனுஷன் இறங்கி வந்தார். கத்தியை பெஞ்சில் வைத்தார். கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்றார். எடுத்துக்கொண்டேன். பதிலுக்கு நான் கொடுத்தது என்ன தெரியுமா? மஞ்சள் பிளாஸ்டிக் பிடி போட்ட கட்டர் ஒன்று... புத்தம் புதுசு.

"மழுங்கினா முனைய ஒடிச்சுப் போட்டுட்டு அடுத்தத தள்ளிக்கலாம் பாய். தீட்டவே வேணாம்" என்று அங்கேயே ஒரு துண்டை ஒடித்து டெமோ வேறு காட்டினேன். எவ்வளவு சுலபமாக ஒடிகிறது என்று அவரும் ஆச்சரியப்பட்டார்.

அந்த வாரமே கத்தியைப் பற்றி இங்கே எழுதினேன். பிளேடின் பள்ளத்தில் நகத்தைக் கொடுத்து, இரண்டு கையும் சேர்ந்தால்தான் திறக்கும், அவசரக்காரர்களுக்கான கத்தி இல்லை, அதன் அழகே அதுதான் என்றெல்லாம் எழுதினேன். நீங்களும் பாராட்டிக் கடிதம் போட்டீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன சீசனில் ஒரு மத்தியானம். லட்சுமி வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பெண். பெல்ட்டில் ஓடும் மாம்பழங்களைத் தரம் பிரிக்கிற வேலை. மாங்காய்ப் பால் பட்டால் தோல் வெந்துவிடும் என்று, புடவைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தார். அங்கே எல்லாப் பெண்களும் அப்படித்தான். அந்தச் சட்டையின் கைநுனி ரோலரில் சிக்கிவிட்டது.

ரோலருக்கு மேல் மூடி இருக்க வேண்டும். இல்லை. நிறுத்துகிற சுவிட்ச் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தக் கோடியில் இருந்தது. அதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு. நான் என் பங்கை மட்டும் எழுதுகிறேன்.

பாய் மூன்று எட்டு தூரத்தில் நின்றிருந்தார். ஓடினார். ஒருத்தர் சுவிட்சுக்கு ஓடினார். துணியை அறுத்துவிட்டால் கை வெளியே வந்துவிடும். பாய் கட்டரை எடுத்தார்.

"சட்டக் கையோட பட்டன் பட்டி தடிமனா இருந்துச்சு சார். வச்சு இழுத்தேன், ஒடிஞ்சிச்சு. அடுத்தத தள்ளுனேன். அதுவும் ஒடிஞ்சிச்சு. அதுக்குள்ள..."

அதற்குள் முழங்கை வரை போய்விட்டது. வலது கை. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

அந்த மத்தியானம் அமெரிக்கக் கத்தி என் ஷோகேஸில், எண்ணெய் பூசி, வெல்வெட் துணிமேல் படுத்திருந்தது. அது இருந்திருந்தால் கை தப்பித்திருக்குமா? சத்தியமாகத் தெரியாது. தப்பித்திருக்காது என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. பாய் அதைக் கண்ணை மூடிக்கொண்டு திறப்பார், அது எனக்குத் தெரியும். ரசனை, ரசனை என்கிறோமே... ஒருவர் உழைக்க வைத்திருந்ததைப் பிடுங்கிவந்து கண்ணாடிக்குப் பின்னால் பூட்டியதற்கு நான் வைத்த பெயர் அது. வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் பஸ் மாறி வேப்பனப்பள்ளி போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். மன்னிச்சிடும்மா என்பதா? எதற்கு மன்னிப்பு என்று அவர் கேட்டால்?

லட்சுமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முப்பது வயது கூட இருக்காது. கணவர் நாற்காலி போட்டார். லட்சுமி வலது தோளை முந்தானையால் மூடியிருந்தார். நான் பார்க்காத மாதிரி பார்த்தேன்.

"ஆஸ்பத்திரில பாய் அழுதுக்கினே இருந்தாரு சார். அந்தக் கத்தி இருந்திருந்தா, அந்தக் கத்தி இருந்திருந்தான்னு ஒரே பொலம்பல். அப்படி என்னா கத்தின்னு பாக்கணும்னு தோணிச்சு."

"என்னாலதாம்மா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் சார். பாய் சொன்னாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கத்தியைக் கட்டில்மேல் வைத்தேன். இடது கையால் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சின்னதாத்தான் இருக்குது. பிடி எலும்பா சார்?"

"ஆமாம்மா."

கட்டை விரல் நகத்தைப் பள்ளத்தில் கொடுத்து நெம்பினார். கத்தி வழுக்கியது. முழங்காலில் அழுத்தி வைத்து மறுபடி நெம்பினார். கணவர் கை நீட்ட, தெலுங்கில் ஏதோ சொல்லித் தடுத்தார். மூன்றாவது முறையும் வரவில்லை. கத்தியைக் கட்டிலில் என் பக்கமாகத் தள்ளினார்.

"நீங்களே தொறந்து காட்டுங்க சார். இதுக்கு ரெண்டு கை வேணும் போல."

அதன் அழகே அதுதான் என்று எழுதியவன் நான்.