லண்டன் ஐயாவின் அனுதாபச் செய்தி

லோகன் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ரியூசன் கொட்டிலில் எங்கள் பாடசாலை அதிபரின் குரலில் பேசி எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்றவன் சிரிக்கவில்லை. "வெல்டிங் லோகன் அண்ணை காலமை கடையிலேயே சாஞ்சிட்டாராம். நெஞ்சுவலி" என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினோம். என் காற்சட்டைப் பையில் ஒரு பழைய போன் தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. அன்று காலை அவர் அனுப்பிய, நான் இன்னும் கேட்காத குரல்பதிவு ஒன்று அதில் கிடந்தது. அது லண்டன் ஐயாவுக்கு அனுப்பியது.

முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் இந்த நினைவு மலருக்காக அவருடைய மனைவி வசந்தி அக்கா என்னிடம் இரண்டு காரியம் கேட்டார். "நீதானே தம்பி எந்த நாளும் கடையில நிண்டு அவரோட கதைக்கிறனி. ஒரு பக்கம் எழுது. மற்றது, அந்த லண்டன் ஐயாட்ட ஒரு அனுதாபச் செய்தி வாங்கித் தா. அந்த மனிசனெண்டால் இவருக்கு உயிர்." ஓம் அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். முதலாவதை எழுத மூன்று கிழமை எடுத்தது. இரண்டாவதை இரண்டு நிமிடத்தில் எழுதியிருப்பேன். அதை நினைக்கத்தான் பயமாக இருந்தது.

போன வருடம் எங்கள் பாடசாலை நாடகத்தில் வன்னி அரசனோடு மோதும் கப்டன் நான். மட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிய வாளோடு ஆடப் பார்த்தோம். இரும்பாக இருந்தால் சத்தமாவது கேட்கும் என்று தர்மபுரத்தில் கேற்றும் யன்னல் கம்பியும் ஒட்டுகிற லோகன் அண்ணையிடம் போனோம்.

"உங்கட கப்டன் எந்த ஊர்க்காரன்?" என்று கேட்டார்.

"வெள்ளைக்காரன் அண்ணை."

"வெள்ளைக்காரனுக்கும் ஊர் இருக்கெல்லே?"

நாடகம் எழுதிய வாத்தியாரிடம் ஓடிப்போய்க் கேட்டு, ஸ்கொட்லாந்து என்று முடிவு கட்டினோம். அதன்பிறகு மூன்று நாள் போனில் படம் பார்த்தார். அந்த ஊர்க்காரரின் வாளில் கைப்பிடியைச் சுற்றி இரும்புப் பட்டிகளால் ஒரு கூடு இருக்கும். பிடித்த கை முழுக்க அதற்குள் பத்திரம். கூடைப்பிடி வாள் என்று பெயர் வைத்தார். "மீன் கூடையோ அண்ணை?" என்றேன். "நான் வாளைச் செய்யிறன். நீ வாலை ஆட்டாமல் கையைத் தா" என்று பொத்திய கையை நூலால் சுற்றி அளந்தார். கப்டன் கையுறை போட்டிருப்பான் என்று ஒரு விரல் இடம் கூடுதலாக விட்டார்.

பார்வைக்குச் செய்கிற வாள்கள் எல்லாம் அளவுக்கு மிஞ்சிய பாரம், அப்படி ஒன்றை வைத்து ஒருவனும் சண்டை பிடித்திருக்க மாட்டான் என்பார். லொறி வில்லுத்தகட்டை நுனிவரை மெலிய அராவி, பக்கத்துக் கடையில் பருப்பு நிறுக்கும் தராசில் கொண்டுபோய் வைப்பார். திரும்பி வந்து மறுபடி அராவுவார். மேடையில் இருட்டுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன். "நாடகம் பொய்யா இருக்கலாம் தம்பி. சாமான் பொய் சொல்லக் கூடாது."

கூட்டின் இடப்பக்கத்தில் முட்டை வடிவில் ஒரு வளையம் வைத்தார். குதிரையில் இருப்பவன் வாள் பிடித்த கையாலேயே கடிவாளத்தையும் பிடிக்க அந்த இடைவெளி. எங்கள் கப்டன் கதைப்படி குதிரையில் வருகிறவன். அந்த ஒரு வளையத்தை வளைக்க இரண்டு நாள் போனது. முடிந்ததும் பிள்ளையைக் காட்டுகிற மாதிரி எல்லாருக்கும் காட்டினார்.

அவருடைய அந்தச் சந்தோசத்தோடு கொஞ்சம் விளையாடிப் பார்க்கத் தோன்றியது எனக்கு. லண்டன் மச்சான் விடுமுறைக்கு வந்து விட்டுப்போன போனில் வெளிநாட்டு நம்பர் இருந்தது. லண்டனில் பழைய வாள்கள் வைத்திருக்கும் நூதனசாலையில் எல்லாம் தெரிந்த ஒரு ஐயாவுக்குப் படம் அனுப்பியிருக்கிறேன், அவர் பேசுவார் என்று லோகன் அண்ணையிடம் முதலே சொல்லிவைத்தேன். பின்னேரம் கடைக்குப் பின்னால் நின்ற உழவு இயந்திரப் பெட்டிக்குள் குந்தியிருந்து, மூக்கால் இழுத்த லண்டன் தமிழில் பேசி அனுப்பினேன். "வேலை திறம். ஆனால் அந்த வளையம் பெரிய பிழை. மூடிவிடுங்கோ."

பெட்டித் தகரத்தின் ஓட்டையால் பார்த்தேன். குரல்பதிவைக் கேட்கும்போது லோகன் அண்ணை கதிரையை விட்டு எழும்பி நின்றார். கோபப்படுவார், வாதாடுவார், நான் பாய்ந்துபோய்ச் சிரிப்பேன் என்பதுதான் என் திட்டம். அவர் வாதாடவில்லை. "லண்டனில இருக்கிறவர் சொன்னால் சரியாத்தான் இருக்கும்" என்று தனக்குள்ளேயே சொல்லி, மூன்று பட்டிகளை அறுத்து வளையத்தின் குறுக்கே ஒட்டத் தொடங்கினார். நான் பெட்டிக்குள்ளேயே இருந்தேன்.

அடுத்த நாள் நாடகப் போட்டி. கிளிநொச்சிக்குப் போகும் பஸ்ஸில் சாரத்துணியால் சுற்றிய வாளை மடியில் வைத்திருந்தார். கொண்டக்டர் எட்டிப்பார்த்து, "என்ன அண்ணை, வாளோட? ஆரை வெட்டப் போறியள்?" என்றார். "இது வெள்ளைக்காரன்ர வாள் தம்பி. எங்களைத்தான் வெட்டும்." பஸ்ஸே சிரித்தது. மேடைப் பொருட்களைப் பார்த்த நடுவர் ஒரு இளைப்பாறிய சரித்திர ஆசிரியர்; அவர் வாளைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்து வியந்தார். பிறகு கூட்டைத் தடவினார். "எல்லாம் சரி. குதிரைக்காரன்ர வாளெண்டால் கடிவாளத்துக்கு இடம் எங்க? ஆர் இதை மூடினது?"

லண்டன் ஐயா என்று லோகன் அண்ணை ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "என்ர யோசனைதான் சேர்" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பரிசு வேறு பாடசாலைக்குப் போனது.

அன்றோடு நான் நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் லோகன் அண்ணை வாளையும் திருத்தவென்று கடைக்குக் கொண்டுபோனார், லண்டன் ஐயாவையும் விடவில்லை. உள்ளே என்ன தோல் தைப்பது, பட்டிக்கு எத்தனை நூல் அளவு தடிப்பு என்று குரல்பதிவுகள் வந்தன. பதில் சொல்வதற்காக நான் இரவல் வாங்கிய போன் டேட்டாவில் இணையத்தில் தேடிப் படித்தேன், தெரிந்ததைச் சரியாகவே சொன்னேன். வளையத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. பாவத்துக்கு ஈடு செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், அவர் என்னை ஐயா என்று கூப்பிடுவது எனக்குப் பிடித்தும் இருந்தது.

கடைசிப் பதிவை அவரை எரித்துவிட்டு வந்தபிறகுதான் கேட்டேன். அதில் இருப்பது இவ்வளவுதான்:

"ஐயா, வணக்கம். குறை நினைக்காதேங்கோ. அந்த வளையத்தைப் பற்றித்தான். நான் திரும்ப எல்லாப் படத்தையும் பாத்தனான். நீங்கள் சொன்னது பிழை போல கிடக்கு. பெரிய ஆக்களுக்கும் ஒருக்கா மறதி வரும்தானே. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. இண்டைக்கு அதைத் திறக்கப் போறன். உங்களிட்டச் சொல்லாமல் வெட்டினால் சரியில்லை எண்டுதான்."

அவர் சாய்ந்த அன்று கடைக்குள் போனவர்கள் கண்டிருப்பீர்கள். வாள் மேசையில் கிடந்தது. மூன்று பட்டிகளில் இரண்டு வெட்டப்பட்டிருந்தன.

வசந்தி அக்கா, லண்டன் ஐயா என்று ஒருவரும் இல்லை. யாருடைய மனம் நோகக்கூடாது என்று உங்கட மனிசன் கடைசியாக யோசித்தாரோ, அந்த ஆள் நான்தான். நீங்கள் கேட்ட அனுதாபச் செய்தி இதுதான். அச்சுக்குக் கொடுக்க முன் உங்கள் கையில்தான் தருகிறேன். கிழித்துப் போட்டாலும் நியாயம்.

அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அதுதான். பாடசாலை அலுமாரியில் அவர் பெயரோடு வாளை வைக்கப்போகிறார்கள். மூன்றாவது பட்டி இன்னும் அப்படியே இருக்கிறது. உங்களிட்டச் சொல்லாமல் வெட்டினால் சரியில்லை.

வெட்டட்டோ அக்கா?